தொல்லை அழைப்புக்கு எதிராகச் சட்டத்தில் என்ன வழி?

கேட்காமல் வரும் வணிக அழைப்புகள் எல்லாமே சட்டவிரோதம் அல்ல. விற்பனைக்காகத் தொலைபேசியில் அழைப்பதை இந்தியச் சட்டம் தடை செய்யவில்லை. வரம்பு மட்டுமே கட்டியிருக்கிறது. அழைக்கும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தன்னைப் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரம் என்றால் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும். கணக்கு விவரம், தவணை நினைவூட்டல் போன்ற சேவை அழைப்புகளுக்கு 1600 வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெறுபவர் ‘தொந்தரவு செய்யாதீர்’ பட்டியலில் இருந்தால், அவர் தனியாக ஒப்புதல் தந்திருந்தால் ஒழிய விளம்பர அழைப்பு அவருக்குப் போகக் கூடாது. சாதாரணப் பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து “லோன் வேணுமா?” என்று கேட்டால், மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை, அதுவே விதிமீறல்.

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வயநாட்டை ஒட்டிக் கிடக்கும் பந்தலூர் வட்டத்திலும் இந்த விதிகளே பொருந்தும். தேயிலைத் தோட்டங்களும், 1968-இல் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டப் பிரிவுகளும், பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளும் உள்ள வட்டம் இது. எருமாடு, அய்யன்கொல்லி, சேரம்பாடி பக்கம் மலையாளமும் தமிழும் கலந்தே புழங்கும். ஊட்டியிலுள்ள மாவட்ட அலுவலகங்களுக்குப் போகக் கூடலூர் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர் மலைப்பாதையில் பஸ் பிடிக்க வேண்டும். தொலைபேசித் தொல்லைக்காக வழக்குப் போடுவது என்றால் ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போய் நிற்பதா என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலான வேலையை வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்பதுதான் அதற்கான பதில். ஆனால் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் நீதிமன்றம் அல்ல.

முதலில் இந்த உரிமை வந்த கதை. 2005-இல் ஹர்ஷ் பாடக் என்ற வழக்கறிஞர், வங்கிகளும் செல்போன் நிறுவனங்களும் வேண்டாத அழைப்புகளால் தனிமனித அமைதியைக் குலைக்கின்றன என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2007-இல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முதல் விதிமுறையைக் கொண்டுவந்து தேசிய அளவில் ‘அழைக்காதீர்’ பதிவேட்டைத் தொடங்கியது. 2010-இல் அது மாற்றப்பட்டது. 2018-இல் அதற்குப் பதிலாக இன்னும் விரிவான விதிமுறை வந்தது. அதில்தான் யார் அனுப்புகிறார்கள், எந்த வாசகத்தை அனுப்புகிறார்கள், யாருடைய ஒப்புதலோடு என்பதையெல்லாம் மின்னணுப் பதிவேட்டில் ஏற்றும் முறை உண்டானது. 2025 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம் இன்று நடப்பில் உள்ளது.

விதிமுறை வருவதற்கு முன்பே ஒருவர் வழக்குப் போட்டு வென்றிருக்கிறார். தில்லியில் நிவேதிதா சர்மா என்ற செல்போன் வாடிக்கையாளர், ஓயாமல் வந்த விற்பனை அழைப்புகளுக்காக ஏர்டெல், ஐசிஐசிஐ வங்கி, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஆகியவற்றின் மீது தில்லி மாநில நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2006-இல் ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, செல்போன் நிறுவனங்களின் சங்கத்தையும் சேர்த்து எதிர்த்தரப்பு மீது மொத்தம் 75 லட்சம் ரூபாய் சுமத்தியது. தண்டனை நோக்கம் கொண்ட இந்தத் தொகையில் பெரும்பகுதி நுகர்வோர் நலனுக்கான நிதிக்குப் போக வேண்டியது. நிறுவனங்கள் தேசிய ஆணையத்துக்கு மேல்முறையீடு போகாமல் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு உத்தரவை ரத்து செய்யவைத்தன. நிவேதிதா சர்மா உச்ச நீதிமன்றம் போனார். சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்கும்போது உயர் நீதிமன்றம் ரிட் மனுவை எடுத்திருக்கக் கூடாது என்று 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது. மேல்முறையீட்டு முறை பற்றிய முன்னுதாரணமாகவே வழக்கறிஞர்கள் இன்று அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். விளம்பர அழைப்பில் தொடங்கிய வழக்கு அது என்பது பலருக்கு நினைவில்லை. ஐந்து வருடம் ஓடியும் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது எந்த வாசலில் மேல்முறையீடு செய்வது என்பது மட்டும்தான்.

அதே காலத்தில் இன்னொரு தடையும் முளைத்தது. கேரளத்திலிருந்து போன ஒரு தொலைபேசி வழக்கில், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் நடுவர் தீர்ப்பு முறை இருப்பதால் தொலைபேசித் தகராறை நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பல மாவட்ட மன்றங்கள் இதைக் காட்டிப் புகார்களைத் திருப்பி அனுப்பின. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை அகற்றியது: தனியார் தொலைத்தொடர்பு நிறுவனம் மீதான நுகர்வோர் புகாரை ஆணையம் விசாரிக்கலாம். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அதன் 28-ஆம் பிரிவு முன் ஒப்புதல், ‘தொந்தரவு செய்யாதீர்’ பதிவேடு, புகார் முறை ஆகியவற்றுக்குச் சட்ட அடித்தளம் தருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பரிகாரம் தேடும் உரிமை பாதிக்கப்படாது என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. இந்தப் பிரிவுகள் 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளன.

வழக்கின் அஸ்திவாரம் 1909 என்ற எண்தான். ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 0 சேர்த்து 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எல்லா வகை விளம்பரமும் அனுப்பியவரின் எண்ணுக்குத் தடைப்படும். அழைத்தும் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகும் அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் 1909-இலோ, டிராயின் டிஎன்டி செயலியிலோ, செல்போன் நிறுவனத்தின் செயலியிலோ புகார் கொடுக்க வேண்டும். முன்பு மூன்று நாள்தான் அவகாசம் இருந்தது. 2025 திருத்தம் அதை ஏழாக்கியது. அழைத்த எண், தேதி, என்ன சொன்னார்கள் என்ற இரண்டு வரி ஆகியவை இருந்தால் போதும். பதிவு செய்யாத பத்து இலக்க எண்ணிலிருந்து அழைத்தவர் மீது புகார் செய்ய, புகார்தாரர் தன் விருப்பத்தை முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் இப்போது இல்லை.

புகார் கொடுத்தால் ஒரு புகார் எண் வரும். அதைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். நிறைய பேர் எண்ணை ‘பிளாக்’ செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிளாக் செய்தால் காதுக்கு அமைதி கிடைக்கலாம், சாட்சியம் கிடைக்காது. பத்து நாளுக்குள் ஐந்து பேர் ஒரே எண் மீது புகார் செய்தாலே பதிவு செய்யாத அழைப்பாளர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது இன்றைய விதி. முன்பு ஏழு நாளில் பத்து புகார் தேவைப்பட்டது. ஒரு எஸ்டேட் லைனில் ஐந்து வீட்டுக்கு அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்து ஐவரும் புகார் செய்தால் அந்த வரம்பு நிறைந்துவிடும்.

முதல்முறை மீறியவருக்குப் பதினைந்து நாள் வெளிச்செல்லும் சேவை நிறுத்தம், மறுபடியும் மீறினால் எல்லா நிறுவனங்களிலும் ஒரு வருடம் இணைப்புத் துண்டிப்பு என்று தண்டனை ஏறும். 2024 ஆகஸ்ட்டில் டிராய் கடுமையான உத்தரவு போட்ட சில வாரங்களுக்குள் 2.75 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. புகார்க் கணக்கைத் தவறாகக் காட்டும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு 2 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இவற்றில் ஒரு பைசாகூடப் புகார் செய்தவருக்கு வராது. டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதும் இல்லை. அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோத அழைப்பு ஒவ்வொன்றுக்கும் 500 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 1,500 டாலர் வரை, அழைப்பைப் பெற்றவரே வழக்குப் போட்டு வாங்கலாம். அதற்காகவே அழைப்புகளைக் குறித்து வைத்து வழக்கு நடத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்திய விதிமுறையில் அழைப்புக்கு இவ்வளவு என்று விலை கட்டப்படவில்லை. பணமாகப் பரிகாரம் வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டையோ நியாயமற்ற வணிக நடைமுறையையோ நிரூபித்துத்தான் வாங்க வேண்டும்.

அங்கே எழும் முதல் கேள்வி, யார் மீது வழக்கு என்பது. முகம் தெரியாத ஒரு வீட்டுமனை வியாபாரிக்கும் பந்தலூர் வாசிக்கும் இடையே எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆகவே அவரிடம் இவர் ‘நுகர்வோர்’ ஆவது கடினம். ஆனால் ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொருவரும் தன் செல்போன் நிறுவனத்தின் நுகர்வோர். ‘தொந்தரவு செய்யாதீர்’ பதிவு இருந்தும், புகார் எண்கள் குவிந்தும், நிறுவனம் தடுக்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. கணக்கு வைத்திருக்கும் வங்கியே தொல்லை கொடுத்தால் வங்கியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். நம்பிக்கையின் பேரில் தந்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவருக்குக் கொடுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையாகவே எண்ணுகிறது. நடைமுறையில் கடினம், எண்ணைக் கசியவிட்டது யார் என்று காட்டுவதுதான்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதில் 2019 சட்டம் நுகர்வோருக்குச் சாதகமாக மாறியது. எதிர்த்தரப்பின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பந்தலூர்க்காரருக்கு அது உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் கேட்கும் இழப்பீட்டுத் தொகையையும் சேர்த்துத்தான் எந்த மன்றம் என்று பார்த்தார்கள். இப்போது செலுத்திய கட்டணம் மட்டுமே கணக்கு. செல்போன் ரீசார்ஜ் ஆயிரங்களில்தான் இருக்கும் என்பதால் வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே போகும். 5 லட்சம் ரூபாய் வரை தாக்கல் கட்டணமும் இல்லை. அரசின் இணையதளம் வழியாகப் புகாரைப் பதிவு செய்யலாம், காணொளி மூலம் விசாரணைக்கு ஆஜராக அனுமதி கேட்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், தாமதமானால் மேலும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தாக்கள் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் மதிப்பதில்லை.

தாக்கலுக்கான காலவரம்பு இரண்டு வருடம். அழைப்பு விவரப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உரிமத்தில் 2021 டிசம்பரில் திருத்தம் வந்திருக்கிறது. இந்த இரண்டும் பொருந்துவதால், புகார்தாரர் தன் கையிலிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் நம்பாமல், அந்தப் பதிவுகளை நிறுவனம் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி ஆணையத்திடம் மனுப் போடலாம். கடைசி மாதத்தில் தாக்கல் செய்தால் ஆரம்ப கால அழைப்புகளின் பதிவு அழிந்துபோயிருக்கும் அபாயம் உண்டு. வழக்குக்கு முன் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் எழுதி, பதில் வந்தால் அதையும் சேர்ப்பது நல்லது. அந்த மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது டிராயின் விதி.

செலவு பற்றிப் பயப்படுகிறவர்கள் இலவச சட்ட உதவியைக் கேட்கலாம். பட்டியல் பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞரை அமர்த்தித் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. பந்தலூர் வட்டத்துக் குடும்பங்களில் இந்த வகைக்குள் வராதவை குறைவாகவே இருக்கும். அழைக்க வேண்டிய எண் 15100.

எல்லா அழைப்பும் நுகர்வோர் ஆணையத்துக்கான விஷயம் அல்ல. வங்கியின் விற்பனை அழைப்பு என்றால் முதலில் வங்கியிடம் எழுதிப் புகார் செய்து, 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கிரெடிட் கார்டு விற்பவர்கள் காலை 10 மணி முதல் இரவு 7 மணி வரைதான் அழைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரையறுத்திருக்கிறது. பணம் பறிபோய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் போகாமல் மோசடி முயற்சி மட்டும் என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் வரும் அழைப்புக்கு டிராயின் இந்த விதிமுறை பொருந்தாது. அது பெரிய ஓட்டை. இங்கே வழி அடைபட அடைபட விற்பனையாளர்கள் அந்தப் பக்கம் நகர்கிறார்கள்.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மீது பலர் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் எண்ணைப் பயன்படுத்தும் நிறுவனத்தைத் தரவுப் பாதுகாப்பு வாரியம் தண்டிக்க முடியும். தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். தரவுக் கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. அது முழுதாக நடைமுறைக்கு வந்த பிறகு, இழப்பீடு கேட்கும் பந்தலூர்வாசிக்கு மிஞ்சுவது ஊட்டியில் உள்ள நுகர்வோர் ஆணையம்தான்.