ஓர்கனும் மக்களின் குரலும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயத்தை அறியாதார் அங்கு அரியர். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுந்ததே அவ்வாலயம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழ் வழிபாட்டைக் கொண்டு சென்றது. இவ்வாறு ஆங்கிலேயரின் ஞானப்பாட்டும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனையும் இம்மலைகளில் அருகருகே வாழலாயின.

இவ்விரண்டுக்கும் துணை நிற்க வேண்டிய வாத்தியம் ஓர்கன். காற்றுக் குழல்கள் பொருந்திய பழைய ஓர்கன் பெரும் பொருட்செலவைக் கேட்பது. மெய்யான குழல்களின் நாதத்தைப் பதிவு செய்து ஒலிக்கும் டிஜிட்டல் ஓர்கன்களோ சிறு ஆலயங்களுக்கும் எட்டக்கூடியவை. அமெரிக்காவின் அலன் கம்பெனி 1971இல் டிஜிட்டல் ஓர்கனை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

ஆயினும் தொழிற்சாலையில் அமைத்த ஒலி, தான் செல்லப்போகும் ஆலயத்தை அறியாது. தகரக் கூரையின் கீழ் ஐம்பது பேர் கூடும் தோட்டத்துக் கோயிலில், பேராலயத்துக்குரிய எதிரொலியோடு அது முழங்கினால் என்னாகும்? பாட்டின் சொற்கள் மங்கும். மக்கள் ஒருவர் பின் ஒருவராக வாய் மூடுவர். ஆறு நாளும் மலைச்சரிவில் உழைத்தவர் ஏழாம் நாளில் தம் குரலால் துதிக்க வருகின்றனர். அக்குரலை அடக்கும் வாத்தியத்தால் பயன் யாது?

ஆகையால் முதலில் எதிரொலியைக் குறைக்க வேண்டும். அடுத்தது ஸ்டொப்புகளின் தேர்வு. எட்டடி ஸ்டொப் மனிதக் குரலின் ஸ்தாயியில் ஒலிக்கும். பதினாறடி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. நான்கடி ஒரு ஸ்தாயி மேலே. எட்டடிப் புல்லாங்குழல் நாதத்தை அடிப்படையாகக் கொள்வது நலம். மழை கூரையில் அறையும்போது முழு ஒலியையும் ஏற்றுவதைவிட, மெல்லிய நான்கடி ஸ்டொப் ஒன்றைச் சேர்த்தால் மெட்டு தெளிவாகும்.

சுருதியையும் கவனிக்க வேண்டும். நாலு கட்டையில் எழுதிய பாட்டு எல்லோருக்கும் எட்டாதாயின், சுருதி மாற்றும் பொத்தானால் இரண்டரைக் கட்டைக்கு இறக்கலாம். வாசிப்பவர் விரல்களை மாற்ற வேண்டியதில்லை.

கீர்த்தனைக்கு வேறொரு நுட்பம் உண்டு. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் என்று பகுப்பர். ஷட்ஜத்திலிருந்து தூய அந்தர காந்தாரம் 386 சென்டில் நிற்க, ஓர்கன் 400இல் ஒலிக்கிறது. பஞ்சமமோ தூய நிலையில் 702, ஓர்கனில் 700. ஆகவே ஷட்ஜ பஞ்சமங்களை மெல்லப் பிடித்து நிறுத்தி, கமகங்களைப் பாடுவோருக்கே விட்டுவிடுவது சாலச் சிறந்தது.

இவ்வமைப்புகளை வாசிப்பவர் தனியே தீர்மானித்தல் ஆகாது. அவர் காதில் விழுவது வேறு, கடைசி வாங்கில் கேட்பது வேறு. ஒருவர் வாசிக்க மற்றொருவர் பின்னே நின்று கேட்க வேண்டும். அதுவும் வெறும் கோயிலில் அன்று. மனித உடல்களும் ஆடைகளும் ஒலியை உறிஞ்சுவதால், சபை நிறைந்திருக்கும் வேளையிலேயே சோதிக்க வேண்டும். முடிவான அளவுகளை வாத்தியத்தின் நினைவகத்தில் சேமிப்பதோடு ஒரு கொப்பியிலும் குறித்து வைத்தல் அவசியம்.

ரொஜர்ஸின் உயிரைக் கொண்ட மின்னல் இன்றும் ஊவா மலைகளில் ஓய்ந்ததில்லை. இடி முழக்கம் தொலைவில் கேட்கும்போதே மின் இணைப்பைக் கழற்றிவிடுக. அவ்வேளையில் ஓர்கன் மௌனமானாலும் பாட்டு நிற்க வேண்டியதில்லை. ஓர்கனுக்குள் அடங்காது பாடிப் பழகிய சபை, ஓர்கனின்றியும் பாடும்.