அடுப்பிலிருந்து இறக்கிய பின் தொடங்கும் ஆபத்து

2017 ஏப்ரலில் அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் பகுதியில் கந்தூரிச் சோறு உண்ட நூற்றுக்கணக்கானோர் வாந்தி, வயிற்றோட்டத்துடன் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டனர். உயிர்களும் போயின. நன்மையை நாடிச் சமைத்த சோறு, சில வீடுகளில் ஜனாஸாவில் முடிந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நம் கரையோர ஊர்கள் அனைத்திலும் கந்தூரி, வலீமா, நோன்புக் கஞ்சி என்று ஊர் கூடி உண்கிறோம். அந்த நல்ல வழக்கம் நோயின்றித் தொடர, உணவில் பெருகும் கிருமிகளின் போக்கை நாம் அறிந்திருக்க வேண்டும்.

கிடாரத்தில் பெருகும் கிருமி

நன்றாகக் கொதித்த இறைச்சியில் கிருமி ஏது என்று கேட்கலாம். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் கொதியிலும் சாவதில்லை. பெரிய கிடாரத்தில் உள்ள இறைச்சிக் கறி மெல்லத்தான் ஆறும். இளஞ்சூடாக இருக்கும் அந்த மணித்தியாலங்களில் வித்திகள் முளைத்து மளமளவெனப் பெருகும். உண்டு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வயிற்று வலியும் வயிற்றோட்டமும் தொடங்கும்.

சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் இன்னொரு வகை. அது உண்டாக்கும் வாந்தி நச்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. இரவு முழுதும் வெளியே இருந்த புரியாணியைக் காலையில் சூடாக்கி உண்பது இதனால்தான் ஆபத்து.

கோழியும் ஷவர்மாவும்

பச்சைக் கோழியிறைச்சியில் கம்பைலோபக்டர், சல்மொனெல்லா ஆகியவை இருக்கக்கூடும். குழாயின் கீழ் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீர், பக்கத்திலுள்ள சலாதையும் பாத்திரங்களையும் மாசாக்கிவிடும். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா உண்ட பலர் நோயுற்றனர். ஒரு மாணவி உயிரிழந்தார். நோயாளர்களிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. நம் கடைத்தெருக்களிலும் ஷவர்மா விற்பனை பெருகியிருப்பதால் இந்தச் செய்தி நமக்கும் உரியது.

குளிருக்கும் மருந்துக்கும் அடங்காதவை

லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். தென்னாபிரிக்காவில் 2017, 2018 ஆண்டுகளில் பதப்படுத்திய இறைச்சி மூலம் பரவி 200க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கர்ப்பிணித் தாய்மாரின் கருவையே இது அழிக்கக்கூடும்.

மருந்துக்கு அடங்காத சல்மொனெல்லா, ஷிகெல்லா வகைகளை உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிப் பட்டியலில் சேர்த்துள்ளது. வைத்தியரைக் காணாமல் பாமசியில் அன்டிபயோடிக் வாங்கி விழுங்கும் பழக்கம் இந்த ஆபத்தை நாமே வளர்ப்பதாகும்.

வீட்டிலும் விருந்திலும்

• சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். பரிமாறும்வரை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வையுங்கள்.
• மீதியைக் கிடாரத்தோடு விடாமல், ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து விரைவாகக் குளிரூட்டுங்கள்.
• பச்சை இறைச்சிக்கும் மரக்கறிக்கும் கத்தி, பலகை வேறாக இருக்கட்டும்.
• மீனைத் தோணியிலிருந்து வீடுவரை ஐஸில் வையுங்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் பக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின், சமைத்தாலும் போகாது.
• வயிற்றோட்டம் உள்ளவர் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம்.

நோய் கண்டால்

உடனே ஜீவனி கரைசல் கொடுங்கள். இரத்தம் கலந்த மலம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஓயாத வாந்தி இருந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் விடயத்தில் காத்திருக்கவே வேண்டாம்.

ஒரே விருந்தில் உண்ட பலர் நோயுற்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். மீதி உணவைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிரில் வைத்து, அவரிடம் ஒப்படையுங்கள். விருந்து தந்தவரின் மனம் நோகுமே என்று மறைத்தால் கிருமி எதுவென்று தெரியாமலே போகும். அடுத்த கந்தூரியிலும் அதே பிழை நடக்கும். உண்மையைச் சொல்வது யாரையும் குற்றவாளியாக்க அன்று, ஊரைக் காக்கவே.