அம்பாசிடரின் உள்ளே: அன்றும் இன்றும்

ஐம்பதுகளின் பிற்பாதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து வரத் தொடங்கிய அம்பாசிடர் கார், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏறக்குறைய ஒரே உடலோடு வந்துகொண்டிருந்தது. 1956இல் பிரிட்டனில் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வடிவம் அது. அறுபதுகளின் தொடக்கத்தில் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4, 1990இல் நோவா என்று பெயர்கள் மாறின. முன்பக்கக் கிரில் மாறியது, விளக்குகள் மாறின, எஞ்சின் மாறியது. கூரையின் வளைவும், கதவுகளின் அளவும், 2464 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியும் மாறவே இல்லை.

வடிவம் மாறாததால் இந்தக் காருக்கு ஒரு தனிக்குணம் அமைந்தது. பின்னால் வந்த வண்டியின் உறுப்பை முன்னால் வந்த வண்டியில் பொருத்த முடிந்தது. 1965ஆம் ஆண்டு வண்டிக்கு 1990ஆம் ஆண்டின் கதவுப் பிடியைப் போடலாம். மார்க் 2 வாங்கியவர் சில ஆண்டுகள் கழித்து மார்க் 4 வண்டியின் இருக்கையைப் போட்டுக்கொள்ளலாம். புது வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இருக்கிற வண்டியையே உள்ளுக்குள் புதிதாக்கிக்கொள்வது அன்று ஆடம்பரமாக இல்லை, வாழ்க்கை முறையாக இருந்தது. இன்றும் அந்த வேலை நடக்கிறது. செய்யும் முறையும் காரணமும்தான் வேறு.

முதலில் இருக்கை. அன்றைய அம்பாசிடரில் முன் இருக்கை ஒரே பெஞ்ச். கியர் கம்பு ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து இருந்ததால் கால்வைக்கும் தரை இடையூறின்றித் திறந்து கிடந்தது. ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர் முன்னால் உட்காருவார்கள். நடுவில் ஒரு குழந்தையும் இடம்பிடிக்கும். இரும்பு ஸ்பிரிங், அதன்மேல் நார், அதன்மேல் ரெக்ஸின். மே மாத வெயிலில் நிறுத்திய வண்டியில் ரெக்ஸின் மேல் வெறும் கையை வைக்க முடியாது. அதனால் வீட்டு வண்டிகளுக்குத் துணி உறை தைத்தார்கள். அரசு வண்டிகளில் வெள்ளைத் துண்டு விரித்தார்கள். முதுகுச் சாய்மானம் தோளுக்குக் கீழேயே முடிந்துவிடும். தலையைத் தாங்க எதுவும் இல்லை.

இன்று பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர் குஷன் கடைக்குப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி, பெஞ்சை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, பக்கெட் சீட் போடப் போகிறீர்களா என்பதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 1817 சி.சி. இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோது கியர் கம்பு தரைக்கு இறங்கியது. பெஞ்சின் காலம் அங்கேயே முடியத் தொடங்கியது. இப்போது வேறு நிறுவனக் கார்களிலிருந்து கழற்றிய பக்கெட் சீட்டுகளைப் பொருத்துகிறார்கள். இடுப்புக்குத் தாங்கல் கிடைக்கிறது, பின்னால் இருந்து யாரேனும் மோதினால் கழுத்து பின்னோக்கி வெட்டாமல் தலைத்தாங்கி காக்கிறது. நீண்ட பயணத்தில் முதுகு அதை நன்றாகவே உணர்கிறது. ஆனால் அம்பாசிடரின் பெஞ்ச் உயரமானது. அதில் உட்கார்ந்தால்தான் பானெட்டின் இரு ஓரமும் தெரியும். தாழ்வான காருக்கென்று செய்த இருக்கையை அப்படியே தரையில் பூட்டினால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கிற்குக் கீழே அமிழ்ந்துவிடுவார். இருக்கை நகரும் தண்டவாளத்தின் அகலமும் பழைய போல்ட் துளைகளோடு ஒத்துவராது. இடையில் ஒரு பிராக்கெட் வேண்டும். அதன் உயரத்தை, ஓட்டப்போகிறவரை உட்காரவைத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது காற்று. அன்று முன்கதவில் ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி வைத்தால் ஓடும் வண்டியின் காற்று நேராக மார்பில் வந்து விழும். டாக்சிக்காரர்கள் டாஷ்போர்டின் மேல் சிறு மின்விசிறி பூட்டிக்கொண்டார்கள். வசதி படைத்தவர்கள் ஏ.சி. வைத்தார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஒரு பெட்டி, முன்னால் உட்காருபவரின் முழங்காலில் இடிக்கும். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் தந்தது சுமார் 50 குதிரைத்திறன்தான். அதில் ஒரு பங்கைக் கம்ப்ரசர் எடுத்துக்கொண்டால், மலைப்பாதை ஏறும்போது ஏ.சி.யை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இன்று கிடைக்கும் கம்ப்ரசர் அளவில் சிறியது, எஞ்சினிடம் கேட்கும் பலமும் குறைவு. குளிர்விக்கும் பெட்டியை டாஷ்போர்டின் பின்னாலேயே மறைத்துவிடலாம். ஆனால் இந்தக் கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுவதற்காக உருவானது. கதவு ரப்பர்களைப் புதிதாக்காமல், எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் கியர்பாக்ஸ் மேட்டுக்கும் வெப்பத் தடுப்பு ஒட்டாமல் ஏ.சி. போட்டால் குளிர் தங்காது. பவர் விண்டோ பொருத்தும்போது பலர் முக்கோணக் கண்ணாடியையே எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாக்கிவிடுகிறார்கள். வண்டி நகரும் போதெல்லாம் மின்சாரம் எதுவும் இல்லாமல் கிடைத்த காற்றின் வழி அதோடு அடைபடுகிறது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத வயரிங். மாற்றங்களிலேயே அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். பழைய வண்டியில் மின்சாரம் தந்தது டைனமோ. அது முழுவேகத்தில் தருவதே இருபதை ஒட்டிய ஆம்பியர். எஞ்சின் சும்மா ஓடும்போது தருவது மிகச் சொற்பம். இரண்டு முன்விளக்குகள், ஒரு வைப்பர், ஒரு ஹாரன், விருப்பமிருந்தால் ஒரு ரேடியோ என்ற கணக்குக்கு அது போதும். முழு வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ் வைத்து வடிவமைத்த காலம் அது. எது பழுதானாலும் ஒரு டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார்.

இன்று அதே டாஷ்போர்டில் தொடுதிரை வருகிறது. கூடவே பின்பக்கக் கேமரா, கைப்பேசிக்கு மின்னேற்றம், நான்கு பவர் விண்டோ மோட்டார்கள், ஏ.சி.யின் விசிறிகள். எல்லாம் ஒருசேர இயங்கினால் பழைய டைனமோவால் தாங்க முடியாது. ஆல்டர்னேட்டர் போட்டே ஆக வேண்டும். அதைப் போட்டபின் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. ஆம்மீட்டர் வைத்த பழைய வண்டிகளில் வண்டியின் மின்சாரம் பெரும்பாலும் அந்த மீட்டர் வழியாகவே போய்வரும். அது தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டம் போனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் கம்பி சூடாகி உருகும். அதனால் நல்ல எலக்ட்ரீஷியன் புதுச் சாதனங்களுக்குத் தனிக் கம்பி, தனி ரிலே, தனி ஃபியூஸ் பெட்டி வைப்பார்; பழைய கம்பிக்கட்டைத் தொடமாட்டார். அவசரக்காரர் பழைய கம்பியின் தோலைச் சீவி அதிலேயே புதியதை முறுக்கி டேப் சுற்றிவிடுவார். வெளியே பார்த்தால் இரண்டு வேலையும் ஒன்றுபோலவே தெரியும்.

மீட்டர்களிலும் இதே நுணுக்கம் உண்டு. அன்றைய வேகமானி கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழலும் கேபிளால் ஓடியது. இன்றைய மீட்டருக்கு மின்துடிப்பு வேண்டும். ஆகவே கியர்பாக்ஸில் ஒரு சென்சார் சேர்க்க வேண்டும். பெட்ரோல் முள் சரியாகக் காட்ட வேண்டுமானால் டாங்கிலுள்ள மிதவையின் மின்தடையும் புது மீட்டர் எதிர்பார்க்கும் மின்தடையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பாதி டாங்கை முழு டாங்க் என்று காட்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பாதுகாப்பு. முன் இருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்தியே புதுக் கார் விற்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் தொண்ணூறுகளில்தான் வந்தது. அதற்கு முன் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெல்ட் இல்லை. அதைக் கட்டுவதற்கான இடமும் உடலில் ஒதுக்கப்படவில்லை. பெல்ட் வாங்குவது எளிது. அதை எங்கே பூட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. தரைத் தகட்டில் ஒரு துளை போட்டு போல்ட்டை முறுக்கினால், மோதலின்போது தகடு கிழிந்து போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். நடுத்தூணுக்குள்ளும் தரைக்கு அடியிலும் கனமான தகடு வைத்து, விசையைப் பரவலாக்கிப் பூட்ட வேண்டும். பக்கெட் சீட்டின் போல்ட்டுக்கும் இதே நியாயம்தான்.

ஏர்பேக் விஷயத்தில் அன்றைய வண்டிக்கும் இன்றைய வண்டிக்கும் இடையிலான தூரத்தை எந்தப் பட்டறையாலும் கடக்க முடியாது. ஏர்பேக் எழுத்துப் பதித்த புது ஸ்டியரிங்கை லேத்தில் கடைந்த இணைப்பு வைத்துப் பழைய தண்டில் மாட்டலாம். அது அலங்காரம் மட்டுமே. மோதலை உணரும் சென்சார், முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, அந்த உடல் எப்படி நசுங்கும் என்று மோதிப் பார்த்துத் திட்டமிட்ட நேரக்கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஏர்பேக். ஐம்பதுகளின் உடலுக்கு அந்தக் கணக்கு இல்லை. பழைய காரை நேசிப்பவர் இந்த எல்லையை ஒப்புக்கொண்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுவதே அறிவு.

உறுப்புகளின் சந்தையும் தலைகீழாகிவிட்டது. அன்று சென்னைப் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் போனவர்கள் தேடியது, புது மாடலின் மீட்டர், புது மாடலின் கைப்பிடி. கழற்றிய பழையது எடைக்குப் போனது. அதற்காக யாரும் வருந்தவில்லை. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது, எந்த உறுப்பும் என்றைக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் டாஷ்போர்டைத் தயங்காமல் அறுத்தார்கள். ஸ்பீக்கருக்காகக் கதவில் வட்டம் வெட்டினார்கள். இன்று தொழிற்சாலை இல்லை. பெயரைக்கூட 2017இல் பிரான்ஸின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அன்று எடைக்குப் போட்ட மீட்டரை இன்று ஊர் ஊராகத் தேடுகிறார்கள். அன்று அறுத்த டாஷ்போர்டை இன்று தகடு ஒட்டவைத்துப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 2004இல் வந்த அவிகோ என்ற அம்பாசிடர் வகையே நடுவில் மீட்டர்களை வைத்துப் பழைய பாணியைத் திரும்ப அழைத்ததுதான்.

சட்டத்தின் பார்வையும் கூர்மையாகியிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாக எடுத்துரைத்தது. 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள், 50 ஆண்டைத் தாண்டிய காருக்குத் தனிப்பதிவு தருகின்றன. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. உள்ளே குஷன் மாற்றுவதற்கும் உடலை வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இன்று காகிதத்திலும் முக்கியமாகிறது.

பழைய வண்டியில் புது உறுப்பைப் பொருத்தும் இதே வேலையை இன்றைய காரில் செய்து பார்த்தால் காலத்தின் மாற்றம் முழுதாகப் புரியும். ஐந்து ஆண்டு பழைய காருக்கு, அதே காரின் புது வகையிலிருந்து ஒரு திரையையோ ஸ்டியரிங்கையோ எடுத்துப் போடுவது பல வேளைகளில் ஸ்க்ரூ அளவில் எளிதுதான். துளைகள் அச்சாகப் பொருந்தும், பிளக்கும் பொருந்தும். பொருத்தியபின் வண்டி அதை ஏற்காது. உறுப்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் வலைப்பின்னலில் புது உறுப்பின் பெயரைக் கணினி வைத்துப் பதிய வேண்டும். சில நிறுவனங்களின் திரைகள் முன்பிருந்த வண்டியின் எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். அன்று பொருத்துபவர் உலோகத்தோடு மல்லுக்கட்டினார். அரத்தால் தேய்த்தால் வழி பிறந்தது. இன்று பொருத்துபவர் அனுமதிக்காகக் காத்திருக்கிறார். அரத்துக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பூட்டால் திருட்டு உறுப்புகளின் விற்பனை கடினமாகியிருக்கிறது, பாதுகாப்புக் கருவிகள் தவறாகப் பொருத்தப்படுவது தடுக்கப்படுகிறது. சொந்த வண்டியைத் தன் கையால் மேம்படுத்தும் உரிமை சுருங்கியது அதற்குக் கொடுத்த விலை.

வரவையும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், பழைய அம்பாசிடருக்குள் புது உறுப்பு போவதில் தவறொன்றும் இல்லை என்றே சொல்வேன். இந்தக் கார் நம் ஊர்களில் அறுபது ஆண்டு பிழைத்ததற்கே அதுதான் காரணம். பெல்ட், தலைத்தாங்கி, தனி ஃபியூஸ், நல்ல வெளிச்சம் ஆகியவற்றை உடனே போட வேண்டும். உயிரைக் காப்பதற்கு முன் பழமை ஒரு வாதமே இல்லை. பெல்ட்டுக்கான துளையையும் தகட்டையும் தவிர உடலில் வேறு எதையும் வெட்டக் கூடாது. மற்ற எல்லாவற்றையும், இருக்கிற துளையில் பூட்டியும் தனிக் கம்பியில் இணைத்தும், மறுபடி கழற்றக்கூடிய விதத்தில் செய்ய வேண்டும். கழற்றிய பெஞ்சையும் மீட்டரையும் வண்டியோடு சேர்ந்த சொத்தாகப் பாதுகாக்க வேண்டும். அன்று அறுத்தவர்களுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருந்தது. நமக்குப் பின்னால் இருப்பது அடுத்த உரிமையாளர் மட்டுமே. அவருக்கு நம் ரசனை பிடிக்காமல் போகலாம். அதைக் கழற்றிவிட்டுத் தொடங்கும் வாய்ப்பை அவருக்கு விட்டுவைப்பது நம் கடமை.