கிதாரின் குரல் செல்லும் இரு வழிகள்

இசைக்கு உருகாத உள்ளம் உலகில் இல்லை எனலாம். இசைக்கருவிகளுள் இளைஞர்களைப் பெரிதும் கவர்ந்தது கிதார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பிறகு பல நாடுகளில் ஆலயப் பாடற்குழுக்களிலும் அது இடம்பெற்றது. மின்கிதார் வாசிப்போரின் காலடியில் சிறு பெட்டிகள் இருப்பதை நாம் கண்டிருப்போம். காலால் ஒரு விசையை அழுத்தியதும் ஒலி எதிரொலிக்கிறது, கரகரக்கிறது, பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் விரிகிறது. இவையே 'எஃபெக்ட்ஸ்' கருவிகள்.

இவற்றுள் அனலாக், டிஜிட்டல் என இரு வகைகள் உண்டு. "அனலாக்தான் உண்மை ஒலி, டிஜிட்டல் வெறும் போலி" என்பார் சிலர். பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருள் ஆதலால், இக்கூற்று சரிதானா என்று ஆராய்வது நலம் அன்றோ?

ஒலி மின்சாரம் ஆவது எப்படி?

1831-இல் மைக்கேல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். மின்கிதார் இயங்குவதும் அதனாலேயே. எஃகுக் கம்பிகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட 'பிக்கப்' என்னும் உறுப்பு உள்ளது. கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. கம்பி விநாடிக்கு 110 முறை அதிர்ந்தால், மின்னழுத்தமும் 110 முறை ஏறி இறங்கும். கம்பியின் அசைவை ஒத்து மின்னலையும் இடைவிடாது அசைவதால் இதனை 'ஒப்புமைக் குறிகை', அதாவது அனலாக் சிக்னல் என்கிறோம்.

அனலாக் வழி

அனலாக் கருவியில் இந்த மின்னலையே மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் ஆகியவற்றினூடே சென்று வடிவம் மாறி வெளிவருகிறது. 1962-இல் வெளிவந்த 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' இதற்குச் சிறந்த சான்று. மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்கினால், டிரான்சிஸ்டர் தாங்காமல் அலையின் உச்சிகளை வெட்டிவிடும். அதனால் கரகரப்பு உண்டாகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளியான ஒரு பாடலின் ஒலிப்பதிவில், பழுதான கருவியால் இத்தகைய ஒலி தற்செயலாக எழுந்தது. அதை வேண்டும்போது எழுப்பவே இப்பெட்டியைச் செய்தனர். பழுதே புதுமைக்கு வித்தாயிற்று!

எதிரொலிக்கு வேறோர் உத்தி உண்டு. 1969-இல் பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீயர் ஆகியோர் 'பக்கெட் பிரிகேட்' என்னும் சுற்றை உருவாக்கினர். தீயணைக்க வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவது போல, மின்தேக்கிகள் மின்னூட்டத்தை ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்றுக் கடத்துகின்றன. 4,096 படிகள் கொண்ட சில்லுகளும் வந்தன. கடைசிப் படியை அடைவதற்குள் காலம் கடந்துவிடுவதால் ஒலி தாமதித்துக் கேட்கிறது. வாளியில் தண்ணீர் சிந்துவது போல வழியில் சிறிது இழப்பும் இரைச்சலும் சேரும். ஆகவே ஒவ்வோர் எதிரொலியும் முன்னதைவிட மங்கலாகிறது. அந்த மங்கலையே பலர் 'கனிவு' என்று விரும்புகின்றனர்.

டிஜிட்டல் வழி

இங்கு மின்னலையை முதலில் எண்களாக மாற்றுகின்றனர். வரைபடத்தாளில் ஒரு வளைகோட்டின் புள்ளிகளைக் குறிக்கிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும். 1982-இல் அறிமுகமான காம்பாக்ட் டிஸ்க்கில் விநாடிக்கு 44,100 அளவீடுகள். ஒவ்வொன்றுக்கும் 65,536 படிகள். இன்றைய கிதார்க் கருவிகள் பலவற்றில் படிகள் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். நுண்செயலி இவ்வெண்களைக் கூட்டியும் பெருக்கியும் எதிரொலி முதலியவற்றைக் கணக்கிடுகிறது. பின் எண்கள் மீண்டும் மின்னலையாகின்றன.

புள்ளிகளுக்கு இடையில் உள்ளது தொலைந்து போகாதா? போகாது. ஓர் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், அலையை முழுமையாக மீட்கலாம் என்று கிளாட் ஷானன் 1949-இல் நிறுவிக் காட்டினார். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். எனவே 44,100 போதுமானது.

எதில் என்ன இழப்பு?

ஒரு படத்தைப் பார்த்து வரைந்து, வரைந்ததைப் பார்த்து மற்றொருவர் வரைந்தால் முகமே மாறிவிடும். ஆனால் ஓர் எண்ணை நூறு பேர் பிழையின்றி எழுதினாலும் அது மாறாது. டிஜிட்டல் எதிரொலி தெளிவாக இருப்பதன் காரணம் இதுவே.

எனினும் அதற்கும் குறைகள் உண்டு. கரகரப்பை உண்டாக்கும்போது மிக உயர்ந்த அதிர்வுகள் பிறக்கின்றன. அளவெடுக்கும் வேகத்தின் பாதியை அவை மீறினால், பொய்ச்சுரங்களாகத் திரும்பி வந்து காதை உறுத்தும். இதைத் தடுக்கவே பல கருவிகள் பன்மடங்கு வேகத்தில் கணக்கிடுகின்றன. மேலும், எண்ணாக்கி மீட்பதற்குச் சில மில்லி விநாடிகள் ஆகலாம். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. செல்லும், ஆகவே 3 மில்லி விநாடித் தாமதம், ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். ஒரு பெட்டியில் இது தெரியாது. ஆனால் பல டிஜிட்டல் பெட்டிகளைச் சாதாரணக் கம்பியால் வரிசையாக இணைத்தால், ஒவ்வொன்றிலும் மாற்றம் நிகழ்ந்து தாமதம் கூடும். ஒரே பெட்டிக்குள் பத்து வித்தைகளையும் செய்தால், உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என மாற்றம் இரண்டோடு முடியும்.

பிரிந்து கூடும் வழி

டிஜிட்டல் எதிரொலிப் பெட்டிகள் சிலவற்றில் வழி இரண்டாகப் பிரிகிறது. கிதாரின் மூல ஒலி எண்ணாகாமல் அனலாக் வழியிலேயே நேராகச் செல்கிறது. எதிரொலி மட்டும் எண்ணாகிப் பின் அதனோடு கலக்கிறது. இதில் மூல ஒலிக்கு மாற்றமும் இல்லை, தாமதமும் இல்லை. ஆகவே கருவி வாங்குவோர் "அனலாக்கா, டிஜிட்டலா?" என்று மட்டும் கேட்பது போதாது, "மூல ஒலி எவ்வழியே செல்கிறது? எத்தனை முறை மாறுகிறது?" என்றும் கேட்க வேண்டும்.

இதுவரை கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். உச்சி வெட்டுண்ட அனலாக் அலையும் மூல ஒலி அன்று; எண்ணாகி மீண்ட அலை போலியும் அன்று. இரண்டும் மனித அறிவு கண்ட வழிகளே. கம்பியை மீட்டும் விரல் பயிலாதிருந்தால், விலையுயர்ந்த பெட்டி அந்தக் குறையையே பெருக்கிக் காட்டும். தாலந்து உவமையில் வரும் நல்ல ஊழியரைப் போல, இறைவன் தந்த திறமையை முதலில் நாம் பயிற்சியால் வளர்ப்போம். கருவியைப் பின்னர் ஆராய்ந்து தேர்வோம்!

– பத்தாம் வகுப்பு மாணவி