பத்துமலைக்குப் புறப்படுமுன்...

தைத் திங்கள் பிறந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். "இவ்வாண்டு பத்துமலைக்கு எப்பொழுது செல்வது? பாட்டியையும் அழைத்துச் செல்லலாமா?" என்ற வினா எழாத வீடு அரிது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடுகின்ற பெருவிழாவுக்கு முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லத் தயங்குவது இயல்பே. ஆயினும், முன்கூட்டியே திட்டமிட்டால் எவரையும் வீட்டில் விட்டுச் செல்ல வேண்டியதில்லை.

கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் எழுந்தருளியுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873-ஆம் ஆண்டு தோன்றியது. அதனை நிறுவிய கே. தம்புசாமி பிள்ளை அவர்களே பத்துமலைக் குகையில் முருகவழிபாடு தோன்றவும் காரணமானவர். அங்கு 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது.

வெள்ளி இரதம், காவடிகள், மேற்குகை தரிசனம் ஆகிய மூன்றும் இவ்விழாவின் கண்கொள்ளாக் காட்சிகள். மூன்றையும் ஒரே மூச்சில் கண்டுவிட வேண்டும் என்று புறப்படுவோரே பெரிதும் அல்லலுறுகின்றனர். குடும்பத்தினரின் உடல்நிலைக்கு ஏற்ற ஒன்றை முதலில் தேர்ந்து கொள்வதே அறிவுடைமை.

படியேற இயலாத முதியோருக்கு இரத தரிசனமே உகந்தது. தைப்பூசத்திற்கு இரு நாட்களுக்கு முந்தைய இரவு, வெள்ளி இரதம் மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்படுகின்றது. வழிநெடுக பக்தர்களின் அர்ச்சனையை ஏற்று, பல மணி நேரம் கழித்தே பத்துமலையை அடைகின்றது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தினர் பசார் செனி நிலையத்தில் இறங்கினால் ஆலயம் நடைதூரமே. விழா முடிந்து இரதம் திரும்பி வருகையிலும் தரிசிக்கலாம்.

மலையடிவாரம் வரையிலேனும் செல்ல விரும்பும் முதியோரைப் பூசத்திற்குச் சில நாட்கள் முன்னதாகவே அழைத்துச் செல்வது நன்று. நேர்த்திக்கடனைக் கூட்டம் பெருகுமுன் நிறைவேற்றுவோரும் பலர் உள்ளனர். 2006-இல் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் திருவுருவத்தைக் கீழே நின்றே வணங்கி மனநிறைவு பெறலாம்.

பூசத்தன்று செல்வோர் காரைத் தவிர்ப்பதே நலம். வாகனம் நிறுத்த இடம் தேடியே பொழுது கழிந்துவிடும். 2010 முதல் கொமுட்டர் ரயில் பத்துமலை அடிவாரம் வரை செல்கின்றது. கிள்ளானிலிருந்து வருவோர் கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறலாம். பிரிக்பீல்ட்ஸ் அன்பர்கள் அங்கேயே ஏறலாம். திரும்பும் வேளையில் நீண்ட வரிசையில் நிற்க நேராதிருக்க, டச் அண்ட் கோ அட்டையில் முதல்நாளே பணம் நிரப்பிக்கொள்வது சிறப்பு.

குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருத்தல் வேண்டும். பிரிந்துவிட்டால் சந்திக்க வேண்டிய இடத்தையும் ரயிலிலிருந்து இறங்கியவுடனே குறித்துக்கொள்ள வேண்டும். பெருங்கூட்டத்தில் கைத்தொலைபேசி எப்பொழுதும் கைகொடுக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. முதியோருக்கு அன்றாட மருந்தும் குடிநீரும் மறவாது கொண்டுசெல்லுதல் அவசியம்.

இறுதியாக ஒன்று. 272 படிகளில் ஏறும்போது நடுவழியில் நின்று படம் பிடித்தல் ஆகாது. தோளில் பாரமும் உடலில் அலகும் தாங்கி, விரதமிருந்து வரும் காவடி அன்பருக்கு ஒரு கணத் தடங்கலும் பெருந்துன்பம். முன்னே ஒருவர் நின்றால் பின்னே நூற்றுக்கணக்கானோர் நெருக்குண்டு தடுமாற நேரிடும்.

காவடி எடுப்போர் பல நாட்கள் விரதமிருந்து தம்மை ஆயத்தப்படுத்திக் கொள்கின்றனர். காணச் செல்வோரும் ஒருநாள் முன்னதாக அமர்ந்து திட்டமிட்டால், பாட்டி முதல் பேரன் வரை அனைவரும் முருகன் திருவருளோடு இன்முகமாய் இல்லம் திரும்பலாம்.