கும்பாவும் கரண்டியும்

கம்பங்கூழைக் கும்பா நிறையக் கரைத்துக் குடித்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போனவர்கள் எங்கள் கரிசல்காட்டுச் சனங்கள். மானம் பார்த்த பூமியில் வயிறு நிறைவதே பெரிய காரியம். அதனால்தான் கோவில்பட்டிப் பக்கம் "நல்லாச் சாப்பிடு" என்பது பாசத்தின் முதல் வார்த்தை ஆனது. ஆபரேஷன் ஆனவரை அன்று கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். ஹார்லிக்ஸும் ரொட்டியுமாக உறவுகள் வரும். உடம்பு தேற உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இன்று எடை குறைக்கவே வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்புகிறார்கள். 1954-இல் அமெரிக்காவில் இது தொடங்கியபோது சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கித் தைத்தார்கள். பலருக்கு ஈரல் கெட்டது, அந்த முறையே கைவிடப்பட்டது. இப்போது பெரும்பாலும் சில சிறு துளைகள் வழியாக இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் வீடு. ரத்தம் உறையாமல் இருக்க முதல் நாளே எழுந்து நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்தான் பழைய பாசம் இடறுகிறது. முதல் இரண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும். அப்புறம் மசித்தது, பிறகு குழைந்தது. வழக்கமான சோறு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதுவும் சில கரண்டிதான். தினம் 60 கிராம் புரதமாவது சேர வேண்டும் என்பதால் முட்டையும் பருப்பும் தயிரும் முதலில், சோறு கடைசியில்.

தண்ணீர்தான் எங்கள் ஊர் வெயிலில் பெரிய சோதனை. செம்பை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துப் பழகியவர், நாள் முழுக்க வாய் வாயாக உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கவும் கூடாது. நாக்கு வறண்டு சிறுநீர் அடர்மஞ்சளானால் அசட்டை வேண்டாம். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, அடங்காத வயிற்றுவலி, விடாத வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கொஞ்ச காலம் எட்டவே இருக்கட்டும். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ் முறையில் செய்துகொண்டவர்களுக்கு இனிப்பு சட்டென்று குடலில் இறங்கி வியர்வை, கிறுகிறுப்பு, வயிற்றுப்போக்கு வரக்கூடும். கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களிக்கும் இதே கதிதான்.

மூன்றாம் மாத வாக்கில் பலருக்குத் தலைமுடி கொட்டும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இரும்புச்சத்து, பி12, கால்சியம் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. எடை குறைந்ததும் அவற்றை நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு.

உறவுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பார்க்கப் போகும்போது "என்ன இப்படி இளைச்சுட்ட?" என்று கேட்காதீர்கள், பலகாரப் பொட்டலமும் வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் அவரோடு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.