துருவப் பனியும் கடலோரக் கிணறும்

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி கிரீன்லாந்துத் தீவின் நடுப்பகுதியில் பல மணி நேரம் மழை பெய்தது. மழை பெய்வது ஒரு செய்தியா என்று விவசாயிகள் கேட்கலாம். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,500 அடி உயரத்தில், பனிப்பாளத்தின் உச்சியில் உள்ளது. அங்கே பனிதான் விழும். அதற்கு முன் மழை பெய்ததாகப் பதிவே இல்லை.

வடகோடியில் பனி உருகினால் கடலோர விவசாயிக்கு என்ன? கடல் மட்டம், கடல் நீரோட்டம், பருவமழை ஆகிய மூன்று வழிகளில் அது அவர் நிலத்தைத் தொடுகிறது.

எவ்வளவு பனி?

பூமியில் பெரும் பனிப்பாளங்கள் இரண்டு. ஒன்று கிரீன்லாந்தில் உள்ளது. மற்றொன்று தென்துருவத்தில் அண்டார்டிகாவில் உள்ளது. கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். நடுவில் அதன் கனம் 3 கிலோமீட்டருக்கு மேல். அது முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சராசரியாக 24 அடி உயரும். அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் சுமார் 190 அடி உயரும். அப்படி உருகப் பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு உருகினாலும் தாழ்வான கடலோர நிலங்கள் தாங்கமாட்டா.

மிதக்கும் பனி, நிலத்துப் பனி

விளிம்பு வரை நீர் நிரம்பிய தம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி உருகினால் நீர் வழிவதில்லை. வெளியிலிருந்து ஒரு கட்டியைப் போட்டால் வழிந்துவிடும். வடதுருவக் கடலில் மிதக்கும் பனி முதல் வகை. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் கிடக்கும் பனி இரண்டாம் வகை. கடல் மட்டத்தை உயர்த்துவது இதுவே.

மிதக்கும் பனி உருகுவதும் தீங்கற்றதல்ல. புதிய பனி சூரிய ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி அகன்றால் கருநிறக் கடல் நீர் 90 பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். இதனால் கடல் மேலும் சூடாகி, மேலும் பனி உருகுகிறது.

அண்டார்டிகாவில் நிலைமை சற்று வேறு. அங்கே வெதுவெதுப்பான கடல் நீர் பனியின் அடிப்பகுதியை அரிக்கிறது. மேற்கு அண்டார்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு இவ்வாறுதான் இளைத்து வருகிறது. அது ஒன்று முழுவதும் கரைந்தாலே கடல் மட்டம் சுமார் 2 அடி உயரும்.

கடல் எவ்வளவு உயர்ந்துள்ளது?

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 8 அங்குலம் உயர்ந்தது. பனி உருகியது ஒரு காரணம். சூடான நீர் விரிவடைந்தது மற்றொரு காரணம். முதல் 70 ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்த கடல், 2006 முதல் 2018 வரை 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. கரியமில வாயுவைக் கட்டுப்படுத்துவதைப் பொறுத்து, 2100க்குள் இன்னும் ஓரடி முதல் மூன்றடிக்கு மேல் வரை உயரலாம் என்பது ஐ.நா. காலநிலைக் குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீடு.

இந்த உயர்வு எங்கும் ஒரே அளவாக இராது. எடை மிகுந்த பனிப்பாளம் சுற்றியுள்ள கடல் நீரைத் தன்பால் ஈர்த்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்த ஈர்ப்பும் குறையும். ஆகவே கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல் தாழும். தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாக உயரும்.

நீரோட்டமும் பருவமழையும்

அட்லாண்டிக் கடலில் வெப்பநீர் வடக்கு நோக்கிச் செல்கிறது. அங்கே குளிர்ந்து, உப்பின் கனத்தால் அமிழ்ந்து, ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. உருகிய பனியின் நன்னீர் கலந்தால் உப்பு நீர்த்து, அமிழ்வது குறையும், நீரோட்டம் தளரும்.

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு நிகழ்ந்ததாக விஞ்ஞானிகள் பலர் கருதுகின்றனர். அப்போது வட அட்லாண்டிக் பகுதி மீண்டும் குளிர்ந்தது. ஆசியப் பருவமழையும் குறைந்தது. சீனாவின் ஹூலு குகையிலுள்ள சுண்ணாம்புத் தூண்களில் இதற்கான தடயம் உள்ளது. இந்த நூற்றாண்டில் நீரோட்டம் தளரும் என்பதே பெரும்பாலான கணிப்பு. முழுவதும் நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை.

நிலத்தடியில் முதல் பாதிப்பு

கடல் உயர்ந்தால் அலை வயலுக்குள் வரும் என்றுதான் பலரும் நினைப்பர். உப்பு அதற்கு முன்பே நிலத்தடியில் வந்துவிடும். மணற்பாங்கான கடலோரத்தில், நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அளவு மீறி இறைத்து அந்த ஓர் அடியை இழந்தால் 40 அடி நன்னீர் போகும். கடல் உயர்வதும் இதே வித்தியாசத்தைக் குறைக்கும். வடிகாலும் பாதிக்கப்படும். காவிரிக் கடைமடையில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் கடலில் வடிவதற்குத் தாமதமாகும்; நெற்பயிர் அதிக நாள் நீரில் மூழ்கிக் கிடக்கும்.

செய்யத்தக்கவை

துருவப் பனியைத் தனி விவசாயி காக்க முடியாது. கிணற்றைக் காக்க முடியும். கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளில் இடைவிடாது இறைப்பதைத் தவிர்க்க வேண்டும். குளம், குட்டைகளைத் தூர்வாரி மழைநீரை நிலத்துள் இறக்க வேண்டும். வடிகால்களின் முகத்துவாரத்தை மழைக்கு முன்பே சீர்செய்ய வேண்டும். உப்பேறிய வயலில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது பலன் தரும். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி வயல்கள் மீண்டது இத்தகைய முறைகளாலும் அடுத்த ஆண்டின் நல்ல மழையாலும்தான். கோ 43, திருச்சி 1 ஆகிய நெல் ரகங்கள் உப்பை ஓரளவு தாங்கும்.

கோடை தோறும் கிணற்று நீரை அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவை அறிந்து, ஆண்டுவாரியாகக் குறித்து வைப்பது நல்லது. அளவு ஏறத் தொடங்கியதும் இறைப்பைக் குறைத்தால் கிணறு பிழைக்கும்.